ரொட்டியின் எடை உனக்குத் தெரியும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே உன் அப்பா சுகம், நம் பேக்கரிக் கடை சுகம், அடுப்பு சுகம். நானும் சுகம்தான். இந்தக் கடைசி வரியை மட்டும் நீ இரண்டு தடவை படிக்க வேண்டும், ஏனென்றால் நான் முடியாமல் கிடக்கிறேன் என்றும் கடையை மூடப் போகிறோம் என்றும் நீ வெளியாளிடம் சொல்லி வைத்திருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது, தெரிந்த பின் நான் என்ன செய்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளும்மா என்பாய், நானும் சரி விடு என்று வைத்துவிடுவேன். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே ஓரிடத்தில் உட்கார்ந்து கடைசிவரை படி. நடுவில் எழுந்துபோய் அப்பாவுக்குப் போன் போடாதே, அவரும் இதில் கூட்டு என்பது எனக்குத் தெரியும்.

முதலில் வீட்டுச் சேதிகளைச் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் அவை விட்டுப்போய்விடும். மாடி அறையில் மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த மூலையைச் சரி பண்ணியாயிற்று, இப்போது வேறு மூலையில் ஒழுகுகிறது. அப்பாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவது தொடர்கிறது, விடும்போது சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அடுப்பு மாஸ்டரின் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் மனுஷன் ஒரு நாள் பன் மாவில் இரண்டு தடவை சர்க்கரை போட்டுவிட்டார், வாங்கிப்போனவர்கள் மறுநாளும் அதையே கேட்டார்கள். நம் டிரைவர் அவசரம் சிகரெட்டை விட்டுவிட்டான். அவசரம் என்பது அவன் ஆமை வேகத்தில் ஓட்டுகிறான் என்று கேலியாக நீ வைத்த பெயர், இப்போது அவன் பெண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுகிறாள். சிகரெட்டுக்குப் பதிலாக வழியெல்லாம் நம் பன்னைத் தின்கிறான், இதில் யாருக்கு லாபம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய பிக்கப்பின் கதை உனக்குத் தெரியும் என்றாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வரும். கியர் மாற்றினால் அழும், மேடு ஏறினால் கறுப்பாகப் புகை விடும். மெக்கானிக் போன தடவை கூலி வாங்கவே கூச்சப்பட்டு, இதுக்கு மேல இதுல காசு போடாதீங்கக்கா என்று சொல்லிவிட்டார். ஒரு மெக்கானிக் வாயிலிருந்து அந்த வார்த்தை வருகிறதென்றால் வண்டியின் நிலையை நீயே யோசித்துக்கொள். அதே சமயம் பார்த்து ஆஸ்பத்திரி கேன்டீனிலிருந்தும் சேதி வந்தது. விடியற்காலையில் நம் வண்டி போய் நிற்கும் பின்வாசல், நோயாளிகள் படுத்திருக்கும் வார்டு ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது, சத்தமும் புகையும் நேரே மேலே போகிறது, அதனால் அடுத்த ஒப்பந்தத்திலிருந்து அந்த வாசலுக்கு மின்சார வண்டிதான் வர வேண்டும் என்று கேன்டீன் மேலாளர் எல்லா வியாபாரிகளுக்கும் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அங்கே நம் வீட்டு ஆள் படுத்திருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நம் விற்பனையில் பாதிக்கு மேல் அந்த ஆஸ்பத்திரிதான். அது போனால் மாஸ்டரையும் அவசரத்தையும் பொட்டலம் கட்டும் அக்காவையும் வைத்துக் கட்டுப்படியாகாது, நானும் அப்பாவும் ஜன்னலில் உட்கார்ந்து பன் விற்க வேண்டியதுதான். ஆகவே மின்சார பிக்கப் வாங்குவதா வேண்டாமா என்பது எனக்கு வெறும் வண்டி சமாச்சாரம் இல்லை, கடை இருக்குமா இருக்காதா என்பது. இதை உனக்கு அன்றைக்கே விளக்கமாகச் சொல்லியிருந்தேன்.

நானும் அவசரமும் வண்டிக் கடைக்குப் போய்ப் பார்த்தோம். அங்கே விற்பனையைக் கவனிக்கும் பெண் நல்ல பெண், சார் வரலையா என்று கேட்காமல் என்னிடமே உட்கார்ந்து பேசினாள். அதில் இரண்டு வகை இருக்கிறது, சின்ன பேட்டரி ஒன்று, பெரிய பேட்டரி ஒன்று. சின்னது புது டீசல் பிக்கப்பைவிடக் கால் பங்கு கூடுதல் விலை, பெரியது ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. சின்னது ஒரு சார்ஜில் நூற்றைம்பது கிலோமீட்டர் போகும் என்று காகிதத்தில் போட்டிருந்தது. காகிதத்துல போட்டது ரோட்டுல வராதும்மா என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள், உங்க சரக்கை ஏத்தி ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாருங்க, வண்டியை நாங்களே அனுப்புறோம் என்றாள். ஆஸ்பத்திரி, கல்லூரி விடுதி, கடைகள் எல்லாம் சேர்த்து நம் சுற்று எண்பது கிலோமீட்டரைத் தாண்டாது. சின்னதே போதும் என்று எனக்கு அப்போதே மனசில் பட்டது. ஆனாலும் பெரிய தொகை, வங்கிக் கடன், பழகாத பேட்டரி. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது, தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்போம், இந்த மாதிரிக் கணக்குப் போடுவதுதானே அவனுக்குப் பிழைப்பு என்று உன்னிடம் வந்தேன். வேறு யாரிடமும் நான் போகவில்லை.

நீயும் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து உட்கார்ந்து திரையில் எழுதி எழுதிக் காட்டினாய். முழு லோடு ஒரு டன் என்று போட்டாய். ஒரு டன் ஏற்றினால் நூற்றைம்பது எழுபதாகிவிடும், சின்ன பேட்டரி பாதி வழியில் உங்களை நிறுத்திவிடும், அதனால் பெரியதுதான் வாங்க வேண்டும் என்றாய். பெரியதை வாங்கினால் டீசலில் மிச்சம் பிடித்து அந்த விலையை எடுக்கப் பன்னிரண்டு வருஷம் ஆகும், பேட்டரிக்கு உத்தரவாதமோ எட்டு வருஷம்தான் என்றாய். ராத்திரி சார்ஜ் போட்டால் மாவு பிசையும் மெஷினும் வண்டியும் ஒரே நேரத்தில் மின்சாரம் இழுக்கும், லைனை மாற்ற வேண்டும், அதற்குத் தனிச் செலவு என்றாய். யானை வாங்கினாலும் அங்குசம் வாங்கக் காசு இருக்காது என்று நான்தான் பழமொழியும் சொல்லி உனக்கு ஒத்து ஊதினேன். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் நீ குரலைத் தணித்து, இது உனக்குத் தாங்காதும்மா, விட்டுடு என்றாய். நானும் விட்டுவிட்டேன். மறுநாளே போய் ஆஸ்பத்திரி கேன்டீன் மேலாளரிடம் எங்களால் முடியாது, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பொட்டலம் கட்டும் அக்காவிடம் வேறு வேலை தேடிக்கொள்ளம்மா என்று சொன்னேன். ஏன் என்று கேட்டவர்களிடம் எல்லாம், என் பையன் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்லிட்டான் என்று பெருமையாக வேறு சொன்னேன். அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

பிறகு ஒரு நாள் அந்த வண்டிக் கடைப் பெண் நம் கடைக்கு வந்தாள், அவர்கள் ஆபீசில் யாருக்கோ பிறந்தநாள், கேக் சொல்ல வந்திருக்கிறாள். நான் ட்ரேக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்தில் வந்து ரொம்ப மெதுவாக, இப்போ உடம்பு பரவாயில்லையாம்மா என்று கேட்டாள். எனக்கு அந்த வாரம் ஜலதோஷம், அதை இவளுக்கு யார் சொன்னது என்று நினைத்து, ஆவி பிடிச்சேன் சரியாப்போச்சு என்றேன். அவள் விழிக்கிறாள், நான் விழிக்கிறேன். அப்புறம்தான் வந்தது. உங்க பையன் வெளிநாட்டிலிருந்து போன் பண்ணாருங்க, அம்மாவுக்கு முடியல, கடையவே மூடப் போறோம், வண்டியும் வேண்டாம், ஓட்டிப் பார்க்கவும் அனுப்ப வேண்டாம், இனிமே அவங்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொன்னாரு என்றாள். எப்போது என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, அந்தச் செவ்வாய்க்கிழமை, நமக்கு அனுப்ப இருந்த வண்டியை அன்றைக்குத்தான் வேறு ஆளுக்கு மாற்றிவிட்டதால் நன்றாக நினைவிருக்கிறது என்றாள். தம்பி, நீ எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டியது அதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு அப்புறம் விசாரணை நடத்தியிருக்கிறாய். அந்தப் பெண்ணின் முன்னால் நான் என்ன சொல்வது, பையன் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருப்பான் என்று உன்னை விட்டுக்கொடுக்காமல் பேசி, கேக்கில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். அவள் போன பிறகு மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவைக் கேட்டேன். அவர் உலர்திராட்சையில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் நிமிரவில்லை, கிள்ளிய திராட்சையையே திரும்பக் கிள்ளினார், அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் பொய் சொல்லத் தெரியாதவர், பேசாமல் இருக்கத் தெரிந்தவர். அவன் உன் நல்லதுக்குத்தான் செஞ்சான், உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னான் என்றார். போன வருஷம் அடுப்புக்குப் பக்கத்தில் எனக்குத் தலைசுற்றி ஒரு தடவை உட்கார்ந்தேனே, அதை அவர் உன்னிடம் ஒன்றுக்கு மூன்றாகச் சொல்லியிருக்கிறார். நீ பயந்திருக்கிறாய். அதுவரை எனக்குப் புரிகிறது. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் வாயில் அடுத்ததும் வந்துவிட்டது. மருமகள் திரும்ப வேலைக்குப் போகணுமாம், குட்டியைப் பார்த்துக்க நம்பிக்கையா ஒரு ஆள் வேணும், கடை இருந்தா நீ எங்க வரப்போற என்றார். தலைசுற்றல் எவ்வளவு, ஆள் தேவை எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கப் போவதில்லை, பார்த்தால் என் மனசுதான் கெடும். இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் வெந்தவர், என் பக்கத்தில் உட்கார்ந்து, பொய் என்று தெரிந்தே அந்தக் கணக்குக்குத் தலையாட்டினார் என்பதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. சில நாள் அவரோடு பேச்சே இல்லை, தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அவரும் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டார்.

உன் கணக்கு தெரியாமல் வந்த தப்பா, தெரிந்தே போட்ட தப்பா என்று ஒரு சின்ன சந்தேகத்தை உனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டுதான் நான் மறுபடி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். சொன்னபடி ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்க்கச் சின்ன பேட்டரி வண்டியை அனுப்பினாள், அவளும் கூடவே வந்தாள். அவசரம் ட்ரேக்களை ஏற்றினான், கூரை முட்ட ஏற்றினான். அவள் டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, இன்னும் ஏத்துங்களேன் என்றாள். அவ்வளவுதாங்க, இதுக்கு மேல இடம் இல்ல என்றான் அவசரம். அவள் நம்பவில்லை, வண்டி ஒரு விரல்கூட இறங்கவில்லை. ரொட்டி அப்படித்தானேம்மா, முக்கால்வாசி காற்றைத்தான் நாம் விற்கிறோம் என்று நான் சொன்னேன், சொல்லும்போதே எனக்கு உன் ஒரு டன் ஞாபகம் வந்தது. நம் வண்டியில் என்றைக்கு ஒரு டன் ஏறியது. மாவு மூட்டைகூட மில் வண்டியிலேயே வந்து இறங்குகிறது. பள்ளிக்கூடம் போகும் முன்னால் தலையில் இரண்டு ட்ரே, கையில் ஒரு ட்ரே என்று தூக்கி ஏற்றியவன் நீ. தெருப் பையன்கள் உன்னைப் பெரிய பலசாலி என்று நினைத்து வாயைப் பிளந்தார்கள். நீ உள்ளே வந்து, எல்லாம் காத்துன்னு அவனுங்களுக்குத் தெரியாதும்மா என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அந்த எடை தெரியாத ஒருவன் ஒரு டன் என்று போட்டால் நான் மன்னிப்பேன். நீ எழுத்துப் படிக்கும் முன் ரொட்டியின் எடையைப் படித்தவன். ராத்திரி சார்ஜ் என்று நீ சொன்னதும் அப்படித்தான். மத்தியானம் முழுக்க நம் மாவு மெஷின் சும்மா கிடக்கும், அந்த நேரத்தில் அது சத்தம் போடாது என்பதால்தான் நீ அதன் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தாய். வண்டியும் மத்தியானம் சும்மாதான் நிற்கும். லைனை மாற்ற வேண்டிய அவசியம் எங்கே வந்தது. அன்று முழுச் சுற்றும் முடிந்து திரும்பியபோது பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. அவசரத்துக்கு ஒரே சந்தோஷம், எனக்கு அழுகை. உனக்குச் சாதகமாக வைத்திருந்த அந்தக் கடைசி சந்தேகமும் போய்விட்டது, அதற்குத்தான்.

கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, வார்டுகளுக்குப் போகும் ரொட்டியையும் பன்னையும் மேலாளர் வேறு ஒரு பேக்கரிக்கு ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். நீங்களே முடியாதுன்னு சொன்னீங்களேம்மா என்றார், அவர்மேல் எனக்கு என்ன குறை. ஊழியர் கேன்டீனுக்குப் போகும் ரொட்டி மட்டும் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, அதை எனக்கு ஒதுக்கினார். ஆக ஆஸ்பத்திரியில் பாதி போய்விட்டது. பொட்டலம் கட்டும் அக்காவையும் கூப்பிடப் போனேன். அவள் அதற்குள் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் சேர்ந்துவிட்டாள், இரண்டு பஸ் மாறிப் போகிறாள், கையெல்லாம் அட்டை கிழித்த கீறல். திரும்பி வா என்றேன். கோபமே இல்லாமல், அங்க சம்பளம் நிச்சயம்க்கா, உங்க கடை எப்ப மூடும்னு நான் தினமும் நெனச்சுக்கிட்டு இருக்க முடியுமா என்றாள். அவள் உன்னைத் தூக்கி வளர்த்தவள் இல்லை, உனக்கு அவள் முகம்கூடச் சரியாக ஞாபகம் இருக்காது. நீ அங்கே உட்கார்ந்து திரையில் எழுதிய ஒரு எண், இங்கே அவளை இரண்டு பஸ் மாற வைத்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள், மறக்காதே.

அதற்குப் பிறகு நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்த முறை அப்பாவும் போட்டார், கேட்காமலே வந்து எதிரில் உட்கார்ந்தார், நான் விரட்டவில்லை. பழைய வண்டிக்கு மாதம் டீசலுக்கு ஆகும் செலவில் கால் பங்குதான் மின்சாரத்துக்கு ஆகும். ஆயில் மாற்றுவது, கியரைப் பழுது பார்ப்பது எல்லாம் கிடையாது. டீசலைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் கால் பங்கு விலை மூன்று வருஷத்துக்குள் திரும்பிவிடும். எட்டு வருஷம் கழித்துப் பேட்டரி மாற்ற வேண்டி வரலாம், அதற்கு மாதாமாதம் டீசல் மிச்சத்தில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். விற்கப் போனால் பழைய மின்சார வண்டிக்கு என்ன விலை கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை, அதை ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொண்டோம். வண்டி நின்றுபோனால் நம் மெக்கானிக்கால் கை வைக்க முடியாது, கம்பெனி ஆள்தான் வர வேண்டும், அது ஒரு பயம்தான். இவ்வளவையும் கழித்த பிறகும் வாங்கலாம் என்றுதான் வந்தது. இடித்தது ஒரே இடம். ஆஸ்பத்திரியில் பாதி போய்விட்டதால் மாதத் தவணையை முன்பு நினைத்த அளவுக்குக் கட்ட முடியாது. தவணை குறைய வேண்டுமானால் முன்பணம் கூட வேண்டும். முன்பணத்துக்கு எங்கே போவது. உன்னிடம் வந்து குட்டியைப் பார்த்துவிட்டு மூன்று மாதம் இருந்துவிட்டு வர வேண்டும் என்று நானும் அப்பாவும் விமான டிக்கெட்டுக்குச் சேர்த்து வைத்திருந்தோமே, அதைத் தவிர வேறு பணம் வீட்டில் இல்லை. அதை எடுத்துக் கட்டிவிட்டேன். வண்டி வந்துவிட்டது.

முதல் நாள் நானும் அவசரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பின்வாசல் காவல்காரர் நாற்காலியில் கண் அசந்திருந்தார், வண்டி மூக்கு வாசலைத் தொட்டும் அவருக்குத் தெரியவில்லை. ஹாரன் அடிக்கக் கூடாது, கூப்பிடவும் கூடாது, மேலே நோயாளிகள். அவசரம் இறங்கிப்போய் அவர் மூக்குக்கு நேரே ஒரு சூடான ரொட்டியை நீட்டினான், மனுஷன் மோப்பத்திலேயே எழுந்துவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் சிரித்தேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அனிச்சையாகப் போனை எடுத்தேன், எடுத்த பிறகுதான் உன்மேல் கோபமாக இருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. வண்டியை இதோ நிறுத்தியிருக்கிறேன், மருமகளுக்குப் படம் அனுப்ப அவசரத்திடம் சொல்லியிருக்கிறேன், நீயும் பார்த்துக்கொள்.

தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். நான் அதைப் பணத்துக்குச் சொன்ன பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன். நம் வீட்டுக்கு அது வராது என்றும் நினைத்திருந்தேன். நீ நேரே, அம்மா எனக்குப் பயமா இருக்கு, கடை போதும், இங்க வந்துடு, குட்டியைப் பார்த்துக்கோ என்று கேட்டிருந்தால் உடனே வந்திருப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன். யோசித்திருப்பேன். சண்டை போட்டிருப்பேன். ஒருவேளை ஆறு மாதம் மாஸ்டரிடம் கடையை விட்டுவிட்டு வந்திருக்கவும் கூடும். அந்தக் கேள்வியை நீ கேட்கவே இல்லை. கேட்டால் அம்மா மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்று, அவள் மாட்டேன் என்று சொல்வதற்கு இருந்த காரணத்தையே அவள் கையாலேயே மூடப் பார்த்தாய். கடைசியில் நடந்தது என்ன என்று பார், கடை இருக்கிறது, டிக்கெட் பணம்தான் போய்விட்டது. என்னை அங்கே வரவழைக்க நீ செய்த வேலை, நான் வருவதற்கு வைத்திருந்த வழியையே தின்றுவிட்டது. குட்டிக்கு நடை வந்துவிட்டது என்று அப்பா சொன்னார். அதை நேரில் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை என்று நினைக்காதே. அந்த ஆசையோடுதான் அந்தப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன், என் முகத்தை அவசரம் பார்க்கக் கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

தலைசுற்றலுக்கு டாக்டரைப் பார்த்துவிட்டேன், நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். ரத்தம் கொஞ்சம் குறைவு, மாத்திரை கொடுத்திருக்கிறார், அடுப்புப் பக்கம் நிற்பதைக் குறைக்கச் சொன்னார். மாஸ்டர் இப்போது என்னை அடுப்பறைக்குள் விடுவதே இல்லை, வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறார். நீயும் வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே, குளிர் காலம் வருகிறது, குட்டியின் காதை மூடித் தூக்கிக்கொண்டு போங்கள். மருமகளிடம் அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல், அவளுக்கு ஆள் தேவைப்பட்டது நியாயம், அவளே கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். நல்ல ஆளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், வைத்துக்கொண்ட ஆளிடம் உண்மையைச் சொல்லி வேலை வாங்குங்கள்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் மறைக்காமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். இந்த வருஷம் நாங்கள் வர முடியாது, முடிந்தால் நீங்கள் வாருங்கள். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது முதலில் அப்பாவைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிடு. என் உடம்பு எப்படி இருக்கிறது என்று என்னிடமே கேள். நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் நம்பு, முடியவில்லை என்று சொன்னாலும் நம்பு. நான் உன்னை நம்பிய அளவுக்கு நம்ப வேண்டாம், அதில் பாதி போதும்.

இப்படிக்கு,
கோபம் ஆறுவதற்கு முன்னும் ஆறிய பின்னும்
உன் அம்மா